கல்லடி வீட்டை விற்க வேண்டும்: புரோக்கரா, ஒன்லைனா?

வாவிக்கரைப்பெண்:

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், 12 பேர்ச் காணி, மூன்று அறை, நல்ல கிணறு. 1978 சூறாவளி பழைய வீட்டின் கூரையைக் கொண்டுபோன பிறகு அப்பா புதிதாகக் கட்டியது. அம்மாவின் பெயரில் இருந்தது, என் கல்யாணத்துக்குச் சீதனமாக எழுதித் தந்தார்கள். இப்போது கணவருக்குக் கண்டியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இதை விற்றுத்தான் அங்கே ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும்.

ஒன்றரைக் கோடி வரும் என்கிறார்கள். ஊர்ப் புரோக்கர் மூன்று வீதம் கேட்கிறார், அதாவது நாலரை இலட்சம். எனக்கு அது பெரிய காசு. லண்டனில் இருக்கும் தம்பியோ, "இங்கே ஒன்லைன் ஏஜென்ட் என்று இருக்கிறது, ஒரு குறித்த கட்டணம் மட்டும்தான், அங்கேயும் அப்படி ஒருவரைப் பிடியுங்கள் அக்கா" என்கிறான். தேடியபோது கொழும்பில் இருக்கும் ஒரு நிறுவனம் 75,000 ரூபாய் முன்பணம் கட்டினால் போட்டோ எடுத்து விளம்பரம் போட்டு ஆள் பிடித்துத் தருவோம் என்றது, வீடு விற்காவிட்டால் காசு திரும்பாது. கட்டலாமா? இந்தப் பக்கத்தில் யாராவது இப்படி விற்றிருக்கிறீர்களா?

ஈஸ்ட்ஹாம்வாசி:

நான் ஆரையம்பதி, இப்போது லண்டன். போன வருடம்தான் இங்கே என் பிளாட்டை ஒன்லைன் ஏஜென்ட் மூலம் விற்றேன், அதனால் உங்கள் தம்பி சொல்வது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்ல முடியும்.

இங்கே வீடு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ரைட்மூவ் என்ற தளத்தை. அதில் வீட்டுக்காரர் தானே விளம்பரம் போட முடியாது, ஏஜென்ட் ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். கடை வைத்திருக்கும் ஏஜென்ட் விற்ற விலையில் இத்தனை வீதம் என்று எடுப்பார், அதோடு வற் வரியும் சேரும். அந்தக் கதவைக் குறைந்த செலவில் திறந்துவிடத்தான் ஒன்லைன் ஏஜென்ட்கள் வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டுவது, விலை பேசுவது எல்லாம் பெரும்பாலும் நம் தலையில். பலர் முன்பணம் வாங்கினார்கள், வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அது அவர்களுக்கு. இந்த வியாபாரத்தில் பெரிய பெயராக இருந்த பேர்பிள்பிரிக்ஸ் 2023 இல் வெறும் ஒரு பவுணுக்குக் கைமாறியது. முன்பணம் வாங்கிவிட்ட ஏஜென்டுக்கு நம் வீட்டை விற்றே தீர வேண்டும் என்ற தேவை குறைந்துவிடுகிறது, இதை நான் அனுபவித்தே பார்த்தேன். ஆறு வாரம் நானே போன் எடுத்து எடுத்துத்தான் வேலை நகர்ந்தது.

ஊரில் அப்படி ஒரு பூட்டே இல்லையே அக்கா. இக்மன் என்ற விளம்பரத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டைத் தானே போடலாம், லங்கா புரொப்பர்ட்டி வெப் தளத்திலும் போடலாம். திறந்திருக்கும் கதவைத் திறந்துவிட எதற்கு 75,000? நிறுவனத்திடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வாங்க வருகிறவரை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்ட மட்டக்களப்பில் உங்களுக்கு ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால் அது விளம்பரக் காசு, ஏஜென்ட் காசு இல்லை.

ஏறாவூர் நானா:

தங்கச்சி, நான் இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டை இக்மனிலும் பேஸ்புக் குழுக்களிலும் நானே போட்டு விற்றேன். நாற்பதுக்கு மேல் போன் வந்தது, வீட்டைப் பார்க்க வந்தது ஆறு பேர், அதில் நான்கு பேர் புரோக்கர்மார். கடைசியில் வாங்கியது நாலு வீடு தள்ளி இருந்தவரின் மச்சான், அவர் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை, மதிலில் நான் கட்டிய பலகையைப் பார்த்தார். அதனால் பலகையையும் மறக்காமல் கட்டுங்கள்.

விளம்பரத்தில் நம் ஊர் ஆட்கள் கேட்பதை முன்னாலேயே எழுதிவிடுங்கள். கல்லடி என்றால் முதல் கேள்வி கடலிலிருந்து எவ்வளவு தூரம், சுனாமிக்குத் தண்ணீர் வந்ததா. இரண்டாவது, மார்கழி மழைக்கு வளவில் வெள்ளம் நிற்குமா. கிணற்றுத் தண்ணீர் உப்பா, குழாய் இணைப்பு இருக்கிறதா, பாதை எத்தனை அடி, லொறி உள்ளே வருமா. உண்மையை எழுதுங்கள், வந்து பார்க்கிறவன் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் விலை சொல்வான். போட்டோவைக் காலை வெயிலில் எடுங்கள், மழைக்காலத்தில் ஒரு போட்டோ எடுத்து வளவு காய்ந்திருப்பதைக் காட்டினால் அதுவே பாதி வியாபாரம்.

புரோக்கரை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். நான் மூன்று பேரிடம் சொன்னேன்: யாரிடமும் தனியாகக் கொடுக்க மாட்டேன், நீங்கள் கூட்டிவரும் ஆள் வாங்கினால் ஒரு வீதம், நானே பிடித்தால் ஒன்றும் இல்லை, கொமிஷன் உறுதி முடிகிற அன்று. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், இரண்டு பேர் சரி என்றார்கள். இதை எழுத்தில் வாங்குங்கள். என் சாச்சிக்கு நடந்தது வேறு. அவரிடம் ஒரு விலை, வாங்குகிறவரிடம் ஐந்து இலட்சம் கூடுதலாக ஒரு விலை சொல்லி, நடுவில் உள்ளதைப் புரோக்கர் எடுத்துவிட்டார், இரண்டு பக்கத்துக்கும் உறுதி எழுதுகிற அன்றுதான் தெரிந்தது. வாங்குகிறவரை நேரில் பார்க்காமல் விலையை முடிக்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி லிகிதர்:

சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன், கொமிஷனைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள், உறுதியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, விற்பனை உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

அக்கா, உங்கள் சீதன உறுதியை எடுத்து முழுவதும் வாசியுங்கள். நம் பக்கத்தில் மகளுக்கு வீடு எழுதும்போது தாய் தகப்பன் தங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். அப்படி இருந்தால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும், அதை வாங்குகிறவர் வந்த பிறகு கண்டுபிடித்தால் ஆள் பயந்து ஓடிவிடுவார். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் வங்கி 30 வருட உரித்தைப் பார்க்கும், நில அளவைப் படம், சோலைவரி ரசீது, மாநகர சபையின் ஸ்ட்ரீட் லைன் (வீதிக்கோடு), நொன் வெஸ்டிங் (காணி சபைக்கு உரித்தாகவில்லை என்ற) சான்றிதழ்களும் கேட்கும். இவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். உங்களுடையது உறுதிக் காணி என்பதால் நல்லது, பெர்மிட் காணியாக, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாக இருந்தால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. அம்பாறைப் பக்கம் வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

வாங்குகிறவர் தரும் முற்பணத்தை வெறும் தாளில் எழுதி வாங்க வேண்டாம். 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு முடிக்கப்பட வேண்டும். முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் பக்கம்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கூடுதல் விலை தருகிறேன் என்று யாராவது வந்தால் குடியுரிமையைக் கேளுங்கள். 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்க முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. உறுதியின் பிரதியையும் அடையாள அட்டையையும் வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், பார்க்க வேண்டியவர் உங்கள் சட்டத்தரணியிடம் வந்து பார்க்கட்டும்.

இன்னொன்று, கண்டிக்குப் போய் வீட்டை வாடகைக்கு விட்டுப் பிறகு விற்கலாம் என்று நினைத்தால் நாட்களை எண்ணுங்கள். விற்று வரும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி சொந்தக் குடியிருப்புக்கு இல்லை, ஆனால் விற்பதற்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் உங்கள் பெயரில் இருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்கள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

வாவிக்கரைப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். லிகிதர் அண்ணன் சொன்ன மாதிரியே சீவிய உரித்து இருக்கிறது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. அம்மா எங்களோடு கண்டிக்கு வருகிறார், கையெழுத்துப் போடச் சம்மதம்தான், ஆனால் வாசித்துக்காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா வைத்த மாமரத்தை வெட்டாத ஆளாகப் பார்த்துக் கொடு" என்றார். 75,000 கட்டப் போவதில்லை. பழைய படம் 1980 இல் எடுத்தது, அதனால் திங்கட்கிழமை நில அளவையாளர் வருகிறார். அது முடிந்ததும் நானே விளம்பரம் போடுகிறேன், பலகையும் கட்டுகிறேன். ஊர்ப் புரோக்கரிடம் ஒரு வீதம் என்று சொல்லிப் பார்த்தேன், ஒன்றரை என்கிறார்.

ஏறாவூர் நானா:

ஒன்றரைக்குச் சம்மதியுங்கள் தங்கச்சி, ஆனால் அவர் கூட்டிவருகிற ஆளுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். மாமரத்தையும் போட்டோவில் போடுங்கள்.