புதுப்பிப்பு: லாம்போக்கில் ஒரே ஒரு செட்டரை மட்டும் மாற்றுவது

ஜாவா கிளாஸ் ஒன்றில் லாம்போக்கின் (வழக்கமான ஜாவா கோடைத் தானாக உருவாக்கும் லைப்ரரி) @டேட்டா குறிப்பைப் போட்டதால் ஃபீல்டைப் படிக்கும் கெட்டர், அதை மாற்றும் செட்டர் எல்லாம் தானாக வருகிறது, ஈமெயில் செட்டர் மட்டும் ஓர இடைவெளிகளை வெட்டி சின்ன எழுத்தாக்கிச் சேமிக்க வேண்டும், என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது இரண்டாவது யோசனை: அதே பெயரில் செட்டரை நாமே எழுதிவிட்டால் போதும், லாம்போக் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உருவாக்கும். அந்த ஃபீல்டுக்குச் செட்டரே உருவாக்காதே என்று சொல்லும் ஆக்சஸ்லெவல் நன் (AccessLevel.NONE) போடச் சொன்னதும் சரிதான், ஆனால் இங்கே தேவைப்படவில்லை. ஒன்று கவனியுங்கள், லாம்போக் பார்ப்பது பெயரையும் பாராமீட்டர் எண்ணிக்கையையும்தான், பாராமீட்டரின் டைப்பை அல்ல. அதனால் வேறு டைப் வாங்கும் அதே பெயர் மெத்தட் இருந்தாலும் லாம்போக் உருவாக்க வேண்டிய செட்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எதிர்பார்க்காதது அப்புறம்தான் வந்தது. @பில்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஆப்ஜெக்ட் உருவாக்க உதவும் லாம்போக் குறிப்பு) வழியாக உருவான ஆப்ஜெக்ட்களில் ஈமெயில் அப்படியே பெரிய எழுத்தில் கிடந்தது, ஏனென்றால் பில்டரும் லாம்போக் உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரும் செட்டரைக் கூப்பிடுவதே இல்லை, நேராக ஃபீல்டில் எழுதுகின்றன. கிளாஸுக்குள் பில்டர் கிளாஸின் கூட்டை மட்டும் எழுதி அதில் ஈமெயில் மெத்தடை நாமே வைத்தால் மீதியை லாம்போக் நிரப்பிக்கொள்கிறது. சுத்தம் செய்யும் வேலையை ஒரு பிரைவேட் ஸ்டாட்டிக் மெத்தடில் வைத்து இரண்டு இடத்திலிருந்தும் கூப்பிடுகிறேன், நல் (null, மதிப்பே இல்லாதது) வந்தால் அப்படியே திருப்பிவிடும்.

ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸில் சேமிக்க ஹைபர்னேட் பயன்படுத்துபவர்களுக்கு: @ஐடி குறிப்பு கெட்டரின் மேல் இல்லாமல் ஃபீல்டின் மேல் இருந்தால் டேட்டாபேஸிலிருந்து படிக்கும்போதும் செட்டர் ஓடாது, அதில் ஏற்கெனவே உள்ள பழைய வரிகளைத் தனியாகத்தான் திருத்த வேண்டும்.