டிரங்க் போர்டு இரவுகளில் போட்ட கோலங்கள்: பழைய தாள்களை எப்படிக் காப்பாற்றுவது?

விருதுநகர் ஆபரேட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் 1976-ல் விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து 2014-ல் ஓய்வு பெற்றவள். வெளியூர் கால்களை ஆபரேட்டர் கையால் இணைத்துக் கொடுக்கும் பலகைதான் டிரங்க் போர்டு. வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்டிடி வந்து அதற்கு வேலை இல்லாமல் போகும்வரை அதில்தான் இருந்தேன். அப்புறம் கவுன்டர், பில்லிங் என்று மீதிக் காலம் ஓடியது.

எங்கள் ஊர் பருப்பு, மிளகாய், எண்ணெய் வியாபார ஊர். காலையில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் விலை கேட்டு கால் குவியும். ஆர்டினரி, அர்ஜென்ட், எட்டு மடங்கு கட்டணத்தில் லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ப கால்களில் வகை உண்டு. மூன்று நிமிடம் முடிந்ததும் குறுக்கே போய் "எக்ஸ்டெண்ட் பண்ணவா?" என்று கேட்க வேண்டும். தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. ஆனால் நைட் டூட்டியில் பன்னிரண்டு மணிக்கு மேல் போர்டு அடங்கிவிடும். அப்போதுதான் எழுத்துப் பிழையால் வீணாகி, குப்பைக்குப் போகவிருக்கும், கால் விவரம் எழுதும் டிக்கெட் தாள்களின் பின்பக்கத்தில் சிக்குக் கோலம் போடுவேன். அம்மா தரையில் போட்டதைப் பார்த்துக் கற்றதுதான். காகிதத்தில் போடுவது நானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். இன்றைக்கும் மாலையில் ஒன்றாவது போட்டால்தான் எனக்கு நாள் முடியும்.

இருநூறுக்கு மேல் தாள்கள் இருக்கின்றன. ஓரம் மஞ்சளாகி உடைகிறது. சிலவற்றைக் குண்டூசியால் சேர்த்து வைத்திருந்தேன், துரு ஏறிவிட்டது. "புது நோட்டில் சுத்தமாக வரைந்துவிட்டுப் பழையதைப் போட்டுவிடுங்கள் அத்தை" என்கிறாள் மருமகள். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பைண்டிங் மேசை:

தூக்கிப் போடவே போடாதீர்கள் அம்மா. கல்லூரி நூலகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவன் நான். லேமினேஷன் வேண்டாம், சூடு பட்டுத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியில்லை. செலோ டேப்பும் கூடாது, அதன் பசை சில வருடங்களில் பழுப்புக் கறையாக இறங்கும். குண்டூசியை இழுக்காமல், தாளை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியைத் துளி துளியாக நகர்த்துங்கள். அமிலமில்லாத தாள் என்று கேட்டு வாங்கி, இரண்டு தாளுக்கு நடுவே ஒன்று வையுங்கள். பென்சில் கோடு என்றால் வெளிச்சத்தில் மங்காது, உரசினால்தான் அழியும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். சன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து இரு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

கணக்கு டீச்சர்:

அக்கா, நான் உங்கள் மருமகள் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன். புதிதாக வரைவதும் நல்லதுதான், பழையதை வைத்துக்கொண்டே. ஒவ்வொன்றின் கீழும் புள்ளிக் கணக்கு எழுதுங்கள்: நேர்ப்புள்ளியா, இடுக்குப்புள்ளியா, எத்தனையில் தொடங்கி எத்தனை வரை, மொத்தம் எத்தனை இழை என்று. 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்துக்குக் கணினி மொழிபோல இலக்கணம் வகுத்து ஆய்வு செய்தார்கள். கோடு எங்கே தொடங்கி எப்படித் திரும்புகிறது என்பதுதான் அங்கே முக்கியம். அது போட்ட கைக்குத்தான் தெரியும்.

விருதுநகர் ஆபரேட்டர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மதியம் உட்கார்ந்து முப்பது தாள் பிரித்துவிட்டேன், ஒன்றும் கிழியவில்லை.

டீச்சர் சொன்னதும்தான் எனக்கே ஏன் மனசு வரவில்லை என்று புரிந்தது. போர்டில் விளக்கு எரிந்தால் பென்சில் நின்ற இடத்தில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு இணைப்பு வயரைச் சொருகப் போவேன். திரும்பி வந்து அந்தக் கருப்புப் புள்ளியிலிருந்து தொடர்வேன். இல்லையென்றால் சிக்குக் கோலத்தில் எந்த வளைவில் இருந்தோம் என்று பிடிபடாது. இப்போது தாளைப் பார்த்தால், அந்த அழுத்தங்களை எண்ணியே அது எப்படிப்பட்ட ராத்திரி என்று சொல்லிவிடுவேன். புது நோட்டில் அது வராது.

பிரித்ததில் ஒன்று 15 இடுக்குப்புள்ளி, 8 வரை. 169 புள்ளியும் வைத்திருக்கிறேன், கோடு மேல் பாதியோடு நிற்கிறது. அன்றைக்கு இங்கிருந்து பம்பாய்க்கு அர்ஜென்ட் கால். லைன் இரைச்சலில் இவர் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. அப்படி ஆனால் ஆபரேட்டர் நடுவே நின்று வார்த்தையைத் திருப்பிச் சொல்வோம். "அம்மா தவறிட்டாங்க, உடனே கிளம்பி வா" என்பதை ஒரு மகனிடம் நான்தான் சொன்னேன். மறுமுனையில் அவர் "யாரு, அம்மாவா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் சொன்னேன். எனக்கு அப்போது 24 வயது.

அந்தக் கோலத்தை மட்டும் முடிக்கப்போவதில்லை, டீச்சர். இழைக் கணக்கு எழுதும் இடத்தில் "பாதி" என்று எழுதிக்கொள்கிறேன், பரவாயில்லையா?

கணக்கு டீச்சர்:

அப்படியே எழுதுங்கள் அக்கா. அந்தக் கருப்புப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.