பையில் ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே ஸ்கீ மட்டும் போச்சு

முதல் குடும்பப் பனிச்சறுக்குப் பயணத்தில் பேக்கிங் என் பொறுப்பு. எனக்கும் கணவருக்கும் ஆளுக்கொரு ஜோடி ஸ்கீ (காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் நீளப் பலகை), பையனுக்கு ஒரு குட்டி ஜோடி. மூன்றையும் ஒரே நீளப் பையில் போட்டு, சுற்றிலும் ஜாக்கெட், கம்பளி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திணித்தேன். பச்சைக்குழந்தையைச் சுற்றிவைத்த மாதிரி இருந்தது.

செக்-இன் கவுண்டரில் எடை 27 கிலோ காட்டியது. எங்களுக்கு அனுமதி 23. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, தரையில் உட்கார்ந்து துணிகளை உருவி, ஆளுக்கு இரண்டு ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். பையன் பலூன் மாதிரி நடந்துவந்தான். எடை சரியாகிவிட்டது. உருவிய துணிக்குப் பதில் பைக்குள் அத்தனை காலியிடம் விழுந்துவிட்டதை யாரும் யோசிக்கவில்லை.

இறங்கித் திறந்து பார்த்தால், என் ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ஏர் உழுத மாதிரிப் பள்ளம். பக்கத்தில் கிடந்த ஸ்கீயின் எஃகு ஓரம் வழியெல்லாம் ஆடி ஆடிச் செய்த வேலை அது.

அதிலிருந்து முதல் வேலை கட்டுவதுதான். அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஜோடி சேர்த்து, கழன்ற ஸ்கீ ஓடாமல் பிடிக்கும் பிரேக்குகளைக் கோத்து, முன்முனைப் பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என இரண்டு ஸ்ட்ராப். நடுவில் ரப்பர் துண்டு உள்ள ஸ்ட்ராப்பாக இருந்தால் ஓரங்கள் உரசாது. ஒரு ஜோடியைத் தலைமாற்றி வைத்து, இடையில் கனமான துண்டு ஒன்றை விரிப்பேன். பைண்டிங் (பூட்ஸைப் பூட்டும் பிடி) பக்கத்து ஜோடியைக் குத்தாது. பையைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான் என் பரீட்சை. பையனுக்கு இப்போது வாடகை ஸ்கீதான். வருஷத்துக்கு வருஷம் வளர்கிறவனுக்கு எதற்குச் சுமை?

பூட்ஸ் மட்டும் என்னோடு கேபினுக்கு வரும். பை வராமல் போனாலும் ஸ்கீ வாடகைக்குக் கிடைத்துவிடும். காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. பக்கிளைப் பூட்டி, உள்ளே காலுறைகளை அடைத்துவிடுவேன். சறுக்கும்போது ஊன்றும் கோல்களைக் கேபினில் விடமாட்டார்கள், அவை பையில்தான்.

திரும்பும்போது ஸ்கீயை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஒருமுறை சோம்பலில் ஈரத்தோடு மூடிவிட்டேன். வீட்டில் திறந்தால் ஓரமெல்லாம் துரு.

— — —

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் கதை நினைவுக்கு வந்தது. விமான நிலையத்தில் எங்கள் பையைச் சோதிக்க வைத்தது ஸ்கீ இல்லை, மகளின் சூடேற்றும் கையுறை. அதன் லித்தியம் பேட்டரிகளைக் கழற்றி, உதிரி பேட்டரியோடு ஸ்கீ பையில் போட்டிருந்தேன். கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டுமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஓடினேன்.

— — —

முதல் பதிவு போட்டவருக்கு: ஸ்கீ சேதம் பார்த்ததும் விமான நிறுவனத்திடம் புகார் கொடுத்தீர்களா? விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் பை கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பையைத் திறந்து பார்த்துவிடுவேன்.

— — —

முதல் பதிவு போட்டவள்தான். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் 7 நாள் தாண்டிவிட்டது. கொடுத்திருந்தாலும் பள்ளம் போட்டது என் கணவரின் ஸ்கீ, பேக் செய்தது நான். யார் மேல் புகார் எழுதுவது?