ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கும் ரிக்கர்ஷன்: முதலில் உடைவது ஸ்டாக்கா, 1024-ஆ?

அடிவாரத்தான்:
சனிக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் புரோகிராம் எழுதும் நம்ம ஆட்கள் கூடியபோது ஒருவர் பலகையில் எழுதினார்: "சி மொழியில் ஃபோல்டர்களுக்குள் இறங்க ரிக்கர்ஷன் கூடவே கூடாது, ஸ்டாக் வெடிக்கும்." ரிக்கர்ஷன் என்றால் ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது; ஸ்டாக் என்றால் அப்படி ஒவ்வொரு அழைப்பும் இடம் பிடிக்கும் நினைவகப் பகுதி. கல்லூரிப் பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு என்னைப் பேச விடவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். அது தப்பு. ஒவ்வொரு மட்டத்திலும், ஃபோல்டரைத் திறக்கும் ஓபன்டிர் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்திருப்பதற்கான ஒரு டோக்கன் எண்ணை, பிடித்து வைத்திருக்கும். லினக்ஸில் ஒரு புரோகிராமுக்கு வழக்கமாகக் கிடைப்பது 1024. அதில் உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி என்று 3 தொடக்கத்திலேயே போய்விடும். ஆக, 1022-ஆவது ஃபோல்டரைத் திறக்கும்போது ஓபன்டிர் தோற்றுவிடும். ஒவ்வொரு அழைப்பிலும் பாதைக்கு 4096 பைட் ஒதுக்கியிருந்தாலும் அந்த நேரத்தில் ஸ்டாக்கில் போயிருப்பது சுமார் 4 எம்பி. இருப்பது 8 எம்பி. பாதி அப்படியே கிடக்கிறது. எது வெடித்தது?

கொலுசுப்பட்டறை:
பலகையில் எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறையின் கொலுசு டிசைன் கோப்புகளை ஆறு வருடமாக நான் எழுதிய சி புரோகிராம்தான் எண்ணுகிறது. நான் பெயர்களை எல்லாம் முதலில் படித்து வைத்துக்கொண்டு, க்ளோஸ்டிர் போட்டு ஃபோல்டரை மூடிவிட்டு, அப்புறம்தான் உள்ளே இறங்குவேன். அப்படி எழுதினால் உங்கள் 1024 எங்கே வரும்? ஒரு அழைப்புக்கு 4096 பைட் பாதை, கூடவே மற்றது கொஞ்சம். 8 எம்பியில் 2000 மட்டத்தைத் தொடும்போது ஸ்டாக் போய்விடும். எழுதியது சரி.

அடிவாரத்தான்:
க்ளோஸ்டிர் போட்டுவிட்டு இறங்குவது உங்கள் முறை. பலகையில் அது இல்லை. பலகையில் "ரிக்கர்ஷன் கூடவே கூடாது" என்றுதான் இருந்தது. புத்தகம் பார்த்து எழுதும் பிள்ளை க்ளோஸ்டிரைக் கடைசி வரியில்தான் போடும். அதற்கு 1024.

அஞ்சுரோடு:
இரண்டு பேருமே முக்கியமானதை விடுகிறீர்கள். போன மாதம் என் புரோகிராம் கோப்புகளைச் சுமார் 40 மடங்காக எண்ணிக் காட்டியது. மேல் ஃபோல்டரையே காட்டும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறு இடத்தைக் கைகாட்டும் கோப்பு, உள்ளே கிடந்தது. லிங்க்கை லிங்க்காகவே பார்க்கும் எல்ஸ்டேட் போடாமல் நான் ஸ்டேட் போட்டிருந்தேன், அது லிங்க்கின் பின்னாலேயே போய்விட்டது. ஒரு பாதையில் 40 சிம்லிங்க்கைத் தாண்டினால் லினக்ஸின் மையமான கெர்னல் மறுத்துவிடும், அதனால்தான் நின்றது. அந்த மாதிரி லிங்க் இரண்டு இருந்திருந்தால் விடியும்வரை ஓடியிருக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோமா? அப்புறம், எவ்வளவு ஆழம் என்று இரண்டு பேரும் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஃபோல்டர் மட்டமா, பாதையின் நீளமா?

கொலுசுப்பட்டறை:
2000 மட்டத்தில் ஸ்டாக் போகுமா போகாதா? அடிவாரத்தான் அதற்கு நேராகப் பதில் சொல்லட்டும்.

ஏற்காட்டுமிளகு:
சி-யை விட்டுவிட்டு ரஸ்ட் மொழிக்கு வாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது. வாக்டிர் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. ரிக்கர்ஷனே கிடையாது, தனக்கென ஹீப்பில், அதாவது ஸ்டாக்குக்கு வெளியே கேட்டு வாங்கும் நினைவகத்தில், ஒரு அடுக்கு வைத்துக்கொள்ளும். வழக்கமாக 10 ஃபோல்டருக்கு மேல் ஒரே நேரத்தில் திறந்து வைக்காது. அதற்கு மேல் போனால் மீதிப் பெயர்களை நினைவகத்தில் ஏற்றிவிட்டுப் பழையதை மூடிவிடும். நாம் கேட்டால் ஒழிய சிம்லிங்க்கின் பின்னால் போகாது. கேட்டாலும் சுழலைக் கண்டுபிடித்துவிடும். மூன்று பேரின் சண்டையும் அதில் தீர்ந்தது.

அடிவாரத்தான்:
தீரவில்லை. 10 என்று வரம்பு வைத்திருக்கிறார்களே, ஏன்? ஃபைல் டிஸ்கிரிப்டர்தான் முதலில் தீரும் என்று தெரிந்துதான். சி-யில் ஃபோல்டர் மரத்தைச் சுற்றிவரும் என்எஃப்டிடபிள்யூ-வுக்கும் எத்தனை திறந்து வைக்கலாம் என்று ஒரு எண் கொடுக்கிறோம். அதுவும் இதற்காகத்தான். நான் சொன்னதையே நீங்களும் சொல்லிவிட்டு வேறு மொழி விற்கிறீர்கள். ரஸ்ட்டின் சொந்த நூலகத்தில், ஃபோல்டரை உள்ளோடு அழிக்கும் ரிமூவ்_டிர்_ஆல்-இல் ஓட்டை இருந்ததே, 2022 ஜனவரியில் 1.58.1 வந்துதானே அடைத்தார்கள்? ஃபோல்டரா என்று பார்த்ததற்கும் உள்ளே இறங்குவதற்கும் நடுவே யாராவது அதைச் சிம்லிங்க்காக மாற்றிவிட்டால் வேறு எங்கோ இருப்பது அழிந்துபோகும். திறந்த ஃபோல்டரிலிருந்தே அடுத்ததைத் திறக்கும் ஓபன்அட், சிம்லிங்க் என்றால் மறுக்கும் ஓ_நோஃபாலோ போட்டு இறங்கத் தெரிந்த சி ஆள் அந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

ஏற்காட்டுமிளகு:
கண்டுபிடித்தார்கள், அடைத்தார்கள், ஊரறியச் சொன்னார்கள். உங்கள் சி புரோகிராமில் அதே ஓட்டை இன்னும் இருக்கும், யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். போன வருடம் நான் அனுப்பிய திருத்தத்தை உங்கள் பெயரில் போட்டுக்கொண்டவர் நீங்கள். மறக்கவில்லை.

அடிவாரத்தான்:
மூன்று வரித் திருத்தம். அதில் இரண்டு வரி நான் மாற்றியது. மலையில் மழை பெய்து இரண்டு நாள் நெட் இல்லை என்று நீங்கள்தான் காணாமல் போனீர்கள், நான் காத்திருக்க முடியுமா?

தட்டுவடைசெட்:
நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். "டைரக்டரி"யை "அடைவு" என்றே எழுதலாமே, எல்லாரும் ஃபோல்டர், ஃபோல்டர் என்கிறீர்கள்.

கொலுசுப்பட்டறை:
அடைவு என்று பட்டறையில் சொன்னால் பேங்க் கடன் அடைவதா என்று கேட்பார்கள். ஃபோல்டர்தான்.

தட்டுவடைசெட்:
புத்தக நூலகத்தில் அடைவு என்றால் பட்டியல். டைரக்டரியும் பட்டியல்தானே, பெயரும், கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணும் கொண்ட பட்டியல். ஃபோல்டர் என்பதால்தான் எல்லாரும் அதை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அஞ்சுரோடு:
இது நல்ல விஷயம். ஐநோட்டோடு, எந்த டிஸ்க் என்று சொல்லும் டிவைஸ் எண்ணையும் சேர்த்துக் குறித்து வைத்தால் ஏற்கெனவே வந்த இடமா என்று தெரிந்துவிடும். ஃபோல்டரைப் படிக்கும்போதே கோப்பா ஃபோல்டரா என்று சொல்லும் டி_டைப்பை நம்பி எல்ஸ்டேட்டை மிச்சம் பிடிக்கிறவர்களும் கவனியுங்கள், சில ஃபைல் சிஸ்டத்தில் அது "தெரியாது" என்றுதான் வரும். அப்போது எல்ஸ்டேட் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு கிளையே எண்ணாமல் விட்டுப்போகும், பிழை என்றும் காட்டாது.

கொலுசுப்பட்டறை:
அண்ணா, அதெல்லாம் அப்புறம். 2000.

அடிவாரத்தான்:
2000-க்கே வருகிறேன். ஒரு மட்டத்துக்குக் குறைந்தது ஒரு எழுத்தும் ஒரு சாய்கோடும் வேண்டும், இரண்டு பைட். முழுப் பாதையாகக் கொடுத்தால் 4096 பைட்டுக்கு மேல் கெர்னல் வாங்காது. 2047 மட்டத்தோடு பாதையே முடிந்தது. அதாவது எல்லா ஃபோல்டருக்கும் ஒற்றை எழுத்துப் பெயர் வைத்த ஒரு மரத்தை வேண்டுமென்றே கட்டினால்தான் உங்கள் ஸ்டாக் போகும். என் டிஸ்கில் அதிகபட்ச ஆழம் 23. ஏற்காட்டுக்கே 20 கொண்டை ஊசி வளைவுதான். 2000 வளைவு உள்ள மலைக்குப் பயந்து பிள்ளைகளை வண்டியே ஓட்டாதே என்கிறீர்கள்.

கொலுசுப்பட்டறை:
அப்படியென்றால் ஸ்டாக் போகும் என்று ஒத்துக்கொண்டீர்கள். த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் கிளையில், ஓட்டிப் பாருங்கள், இன்னும் சீக்கிரம் போகும். ரஸ்ட்டில் புது த்ரெட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டாக்கே 2 எம்பி.

ஏற்காட்டுமிளகு:
ரஸ்ட்டை இழுக்காதீர்கள். அங்கே 4096 பைட்டை ஸ்டாக்கில் யாரும் வைப்பதில்லை, பாதை ஹீப்பில் இருக்கும்.

அடிவாரத்தான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் எது என்பதுதான் கேள்வி. 1024.

கொலுசுப்பட்டறை:
அடுத்த சனிக்கிழமையும் அதே பலகையில் அதையேதான் எழுதுவேன்.

அடிவாரத்தான்:
லேப்டாப்போடு வருகிறேன். 1022-ஆவது ஃபோல்டரை எல்லார் முன்னாலும் திறந்து காட்டுங்கள்.

கொலுசுப்பட்டறை:
க்ளோஸ்டிர் போட்டுவிட்டுத் திறந்து காட்டுகிறேன்.