நீச்சல் குளத்தில் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நீலாங்கரையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சின்ன நீச்சல் குளம், சுமார் 40,000 லிட்டர் பிடிக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் பச்சை கட்டுகிறது. டெஸ்ட் கிட்டில் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), பி.எச். 7.6. இரண்டும் சரியான அளவுதான். ஆனாலும் சுவரைத் தொட்டால் வழவழவென்று பாசி. ஃபில்டரை ஒழுங்காக பேக்வாஷ் செய்கிறோம்.

என் சந்தேகம் சயனூரிக் அமிலத்தின் மேல். பராமரிப்புக்கு வருபவர் எப்போதும் போடுவது டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை. அது கரையும்போது குளோரினோடு இந்த அமிலமும் சேரும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நல்லது, வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும். ரொம்ப ஏறிவிட்டால் குளோரின் கிட்டில் தெரியும், பாசியைக் கொல்லும் வேகம்தான் இருக்காது. தானாகக் குறைவதும் அரிது. தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதிதாக நிரப்பினால்தான் உண்டு. அவரிடம் சொன்னால், “இன்னும் ரெண்டு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் சார்” என்கிறார்!

சென்னையில் சயனூரிக் அமிலத்தை அளக்கும் கிட் எங்கே கிடைக்கும்? அப்புறம், எதை வைத்து நிரப்புவது? எங்கள் போர் தண்ணீர் கடினநீர், இரும்பும் உண்டு, குளோரின் பட்டதும் பழுப்பாகிவிடும். கோடையில் லாரி தண்ணீர் வாங்கவும் மனசு வரவில்லை. மாத்திரையை விட்டு, இந்த அமிலம் சேராத திரவக் குளோரினான ஹைப்போகுளோரைட்டுக்கு மாறியவர்கள் இருந்தால் தினமும் எவ்வளவு ஊற்றுகிறீர்கள், மாலையிலா காலையிலா என்று சொல்லுங்கள். பாசிக்கொல்லி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பார்த்தாயிற்று.