33க்கு 27: நன்றி மறந்தவர்கள் யார்?

செம்பருத்தி:
நேற்று ஆற்றங்கரை எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. “இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தைக் காப்பாற்றியது குடியரசுக் கட்சி. அமெரிக்கக் கருப்பர்கள் நன்றி மறந்து, பழக்கதோஷத்தில் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறார்கள்” என்கிறார். பழக்கதோஷமா? 1932 வரை அவர்களில் பெரும்பாலோர் லிங்கனின் குடியரசுக் கட்சியோடுதான் நின்றார்கள். வேலையும் சோறும் இல்லாத காலத்தில் நிவாரணம் கொடுத்த ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1936இல் மாறினார்கள். காரணம் இருந்தது, மாறினார்கள்.

ஆற்றங்கரை:
கதை வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள். 1964 ஜூன், அந்தச் சட்டத்துக்கு மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவு. ஜனநாயகக் கட்சியின் 67 பேரில் 46 பேர்தான். எந்தக் கட்சியின் விகிதம் அதிகம்? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

செம்பருத்தி:
எதிர்த்த அந்த ஆறு பேரில் ஒருவர் பேரி கோல்ட்வாட்டர். வாக்களித்து ஒரு மாதம் ஆவதற்குள் அவரையே அதிபர் வேட்பாளராக்கியது நீங்கள் புகழும் கட்சி. ஜனநாயகக் கட்சியில் எதிர்த்த 21 பேரில் ஒருவரான ஸ்ட்ரோம் தர்மண்ட், செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். நவம்பரில் கறுப்பின மக்கள் 100க்கு 90க்கும் மேல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான்சனுக்கு வாக்களித்தார்கள். யாரை மேடையேற்றினார்கள் என்று பார்த்துத்தான் போட்டார்கள்.

ஆற்றங்கரை:
ஒருவரைக் காட்டி 27 பேரை மறைக்கிறீர்கள். இனப் பிரிவினை நிலவிய தென் மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினர் வாரக்கணக்கில் பேசியே இழுத்தடித்தார்களே, செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த டர்க்சன் ஆள் திரட்டாமல் அதை முறியடித்திருக்க முடியுமா? 33க்கு 27.

நிலவன்:
ஆற்றங்கரை, முதலில் எழுத்தைத் திருத்துங்கள். ‘கருப்பர்’ அல்ல, வல்லின றகரம் போட்டுக் ‘கறுப்பர்’. சென்ற மாதமே சொன்னேன், நீங்கள் காதில் வாங்கவில்லை.

ஆற்றங்கரை:
சென்ற மாதம் எல்லோர் முன்பும் என்னை அவமானப்படுத்தியதை நானும் மறக்கவில்லை. கருப்பசாமியை எப்படி எழுதுவீர்கள் ஐயா? எழுத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கை விட்டுவிடாதீர்கள்.

முகில்:
ஜனநாயகக் கட்சியை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டாம், செம்பருத்தி. அதே 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தன் மாநாட்டில், கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரின் மிசிசிப்பிக் குழுவுக்கு இரண்டே இடம் தருவதாகச் சொன்ன கட்சி அது. அவர்கள் வேண்டாம் என்று மறுத்தார்கள். எந்த விசுவாசமும் நிரந்தரமில்லை. டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் ஸ்பானிய வழியினர். 1892க்குப் பிறகு 2024இல்தான் அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளர் வென்றார்.

ஆற்றங்கரை:
முகிலே ஒப்புக்கொண்டுவிட்டார்.

முகில்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாயில் சொற்களைத் திணிக்காதீர்கள்.

செம்பருத்தி:
நான் ஜார்ஜியாவில் இருக்கிறேன். 2020 ஜூனில் பக்கத்து வீட்டு அம்மாவை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். எழுபதைக் கடந்தவர். வரிசை நகர நகர மடக்கு நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டு உட்காருவார். நாலு மணி நேரம். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், கருக்கலைப்பைப் பாவம் என்கிறவர். ஆனாலும் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்குத்தான். ஏனென்று கேட்டேன். “1960இல் மார்ட்டின் லூதர் கிங் இங்கே சிறையில் இருந்தபோது அவர் மனைவிக்கு போன் செய்தவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கென்னடி. அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் நிக்சன் வாய் திறக்கவில்லை. என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்” என்றார். வரிசையில் யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மறு ஆண்டு, சாவடி அருகே வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதையே குற்றமாக்கியது இங்குள்ள குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை. அந்த அம்மா எதற்காக நன்றி சொல்ல வேண்டும்?

ஆற்றங்கரை:
கண்ணீர்க் கதை கணக்காகாது. கீழவையிலும் குடியரசுக் கட்சியில் ஆதரவு 138, எதிர்ப்பு 34.

செம்பருத்தி:
அந்த 34இல் தென்னகத்தாரைப் பிரித்துப் பாருங்கள். தெற்கிலிருந்து வந்த குடியரசுக் கட்சியினர் 10 பேர். ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. தென்னக ஜனநாயகக் கட்சியில் 94 பேரில் 7 பேராவது ஆதரித்தார்கள்.

ஆற்றங்கரை:
தெற்கா வடக்கா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டது விகிதம். 33க்கு 27.

நிலவன்:
இன்னும் ‘கருப்பர்’ திருத்தப்படவில்லை.