ட்ரெமொலோ ஆர்ம்: ‘நடுக்கத் தண்டு’ சரிவருமா?

வணக்கம்.

நம் மின்கித்தார் உறுப்புகளின் கலைச்சொல் பட்டியலில், கம்பிகளின் இழுவிசையை மாற்றும் கைப்பிடியான ட்ரெமொலோ ஆர்முக்கு ‘நடுக்கத் தண்டு’ என்று இருக்கிறது. வேண்டாம் என்பேன். ஆங்கிலப் பெயரே பிழை. ஒலியளவு கூடிக் குறைவதுதான் ட்ரெமொலோ. சுரம் மேலும் கீழும் அசைவது வைப்ரேட்டோ. இந்தத் தண்டின் வேலை இரண்டாவது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கித்தாரை வெளியிட்டபோது ஃபெண்டர் நிறுவனம் இதற்கு ட்ரெமொலோ என்று பெயர் வைத்தது. அதே ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையரிலோ ‘வைப்ரேட்டோ’ என்று எழுதிய பகுதி ஒலியளவைத்தான் அசைக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தமிழுக்குள் கொண்டுவரக் கூடாது.

தண்டுக்கு ‘அசைதண்டு’, அதனால் ஆடும் அமைப்புக்கு ‘அசைகுதிரை’ என்று வைக்கலாம். வீணைக் கம்பியைத் தாங்குவதைக் குதிரை என்றுதானே சொல்கிறோம்?

———

> ஆடும் அமைப்புக்கு ‘அசைகுதிரை’

அசைதண்டு நன்றாக இருக்கிறது ஐயா. அசைகுதிரையில்தான் சிக்கல். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் குதிரையே ஆடும், அதனால் அங்கே பொருந்தும். குவீன் ராக் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கும் ரெட் ஸ்பெஷல் கித்தாரில் பொருந்தாது.

1963இல் அவரும் தந்தை ஹரால்டும் வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கித்தார் அது. கழுத்து, பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். புழு அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். அதில் குதிரை உடலோடு நிலையாக இருக்கிறது, ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் உருளை. ஆடுவது அதற்குப் பின்னால் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் துண்டு. வீணையில் அந்த இடத்துக்கு நாகபாசம் என்று பெயர். எனவே ‘அசைபாசம்’ என்று தனிச்சொல் வேண்டும்.

அந்தத் துண்டு உட்கார்ந்திருப்பது கடினப்படுத்திய எஃகுக் கத்திவிளிம்பின்மேல். ஆய்வகத் தராசுக்கு வழங்கும் அதே சொல் இங்கும் போதும். ஒரு பக்கம் கம்பிகளின் இழுவிசை. 9–42 தொகுப்பை (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம்) 24 அங்குல நீளத்தில் கட்டினால் ஆறும் சேர்ந்து சுமார் 34 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். எதிர்ப்பக்கம் 1928ஆம் ஆண்டு பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. தண்டு, சைக்கிள் சீட்டுப் பையைத் தாங்கும் கம்பி. நுனிக்கு ஒரு பின்னல் ஊசியின் முனை. அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுரம் இறங்கும், விட்டால் ஸ்பிரிங் மீட்கும்.

மீளாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உராய்வு. கம்பி குதிரையிலோ, கம்பியை முறுக்கும் பிருடைப் பக்கத்துப் பள்ளத்திலோ ஒரு மயிரிழை சிக்கினாலும் சுருதி விலகி நிற்கும். உருளைகள் அதற்காகத்தான். மறுமுனையில் கம்பி முதல் மெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை, ஃப்ரெட்) முன் உள்ள சுழி மெட்டின்மேல் படிந்து பிருடைக்குப் போகிறது. சாதாரணக் கித்தாரில் அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்ப்பது இதே நோக்கத்துக்குத்தான். கத்திவிளிம்பு மழுங்கினால் கரி தேய்த்துப் பயனில்லை. துண்டு ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் போய் அமரும், விளிம்பைத் தீட்டவோ மாற்றவோ வேண்டும்.

———

அசைபாசம் எனக்கும் சம்மதம். ‘சுருதித் தண்டு’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். சுருதி சேர்க்கும் கருவி என்றே படிப்பவர் நினைப்பார், அது பிருடையின் வேலை. ‘கமகத் தண்டு’ என்பதும் முழுக்கப் பொருந்தாது. வீணையில் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், ஒரு கம்பி மட்டும் அசையும். இங்கே ஆறும் ஒன்றாக, பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்குகின்றன.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன். அசைதண்டு: கம்பிகளின் இழுவிசையை மாற்றிச் சுரத்தை அசைக்கும் கைப்பிடி. அசைகுதிரை: குதிரையோடு சேர்ந்து ஆடுவது. அசைபாசம்: குதிரை நிலைத்திருக்க, கம்பிமுனை மட்டும் ஆடுவது.

அடுத்து ரெட் ஸ்பெஷலில், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் ஒவ்வொன்றுக்கும் உள்ள ஃபேஸ் சுவிட்ச். அந்த அலையைத் தலைகீழாக்குவது அது. ஃபேஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கட்டம்’, இலங்கையில் ‘அவத்தை’. இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.